துவைத்த ஏப்ரன்

அந்தப் பண்ணைக்குள் டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்தால் நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விடலாம் என்று வாசல் பலகை சொல்லும். உள்ளே வேலை பார்ப்பவர்கள் எல்லாருக்கும் அந்தக் காலத்து உடுப்புதான். கையில் கடிகாரம் கூடாது, பையில் செல்போன் கூடாது. கொல்லர் லாடம் அடிப்பார். பிள்ளைகள் அடிபம்பில் தண்ணீர் அடித்து ஒருவரையொருவர் நனைத்துக்கொள்வார்கள். கோடை விடுமுறை முழுக்க ஞாயிறுதோறும் 'குடும்ப நாள்'. வைக்கோல் வண்டியில் ஏற வரிசை வாசல் வரைக்கும் நிற்கும்.

அங்கே விறகு அடுப்பில் ரொட்டி சுடுகிறவளை எல்லாரும் 'ரொட்டியம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். சேர்ந்து பதினான்கு மாதம். அத்தனை மாதமும் ஒரு பொய்யை மடியில் கட்டிக்கொண்டு நடமாடினாள். இந்த வேலைக்கு வந்தது அவளுக்கு எட்டாவது நேர்காணல். ஏழு இடத்தில் "சொல்லி அனுப்பறோம்" என்றிருந்தார்கள். "மாடு கன்னெல்லாம் பழக்கமா?" என்று மேலாளர் கேட்டதும் வாய் முந்திக்கொண்டது.

"மாட்டோடதாங்க வளந்தேன்!"

வளர்ந்தது நாலாவது மாடியில். மாட்டின் முகத்தை அவள் கிட்டத்தில் பார்த்ததெல்லாம் பால் பாக்கெட்டின் மேல்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கறவையை முடித்துவிட்டு வந்த பால்காரக்கா வண்டிச் சக்கரத்தில் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மேலாளர் நேராக அடுப்படிக்கு வந்தார்.

"நாளைக்குக் குடும்ப நாள். நீங்கதான் மாட்டோட வளந்தவங்களாச்சே, கறந்துடுங்க."

ரொட்டியம்மா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். "சரிங்க சார்" என்றாள். வேறென்ன சொல்வாள்?

வீட்டுக்கு வந்ததும் ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, விரல் நுனிகளில் ஊசியால் குத்தி, குளியலறையில் புருஷனைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள். மேலே இறுக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கீழே கொண்டுவர வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்துப் படித்த பாடம்.

"ஏங்க, ஆட்டாதீங்க!"

"மாடுன்னா ஆடத்தான் செய்யும். ம்மா..." என்றான் அவன். ஒன்பது வயது மகள் கதவில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிங்க. நாளைக்கு எல்லார் முன்னாடியும் என் குட்டு உடையட்டும், அப்புறம் சிரிங்க" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவன் ஆட்டவில்லை.

ஒன்றாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று, கறக்கும்போது கட்டிக்கொள்ளச் சொல்லிப் பால்காரக்கா கழற்றிக் கொடுத்த ஏப்ரனை வாசனைச் சோப்பில் இரண்டு தடவை அலசி, காலையில் சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டாள்.

குடும்ப நாளில் மட்டும் காலைக் கறவையைப் பத்து மணிக்குத் தள்ளி வைப்பார்கள், பிள்ளைகள் பார்க்க வேண்டுமே. வேலியைச் சுற்றி அறுபது எழுபது பேர். முன்வரிசையில் புருஷனும் மகளும். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு மேலாளர். கையில் கட்டோடு வந்திருந்த பால்காரக்கா, ரொட்டி கருகாமல் பார்த்துக்கொள்ள அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

கறக்க வேண்டிய பசுவுக்குப் பண்ணையில் பெயர் 'பெரியம்மா'. பெரியம்மா திரும்பி ஏப்ரனை முகர்ந்தது. மூக்கைச் சுளித்த மாதிரி இருந்தது. ரொட்டியம்மா முக்காலியில் உட்கார்ந்து, மடியைக் கழுவித் துடைத்து, காம்பைப் பிடித்தாள். இறுக்கினாள், மடக்கினாள், இழுத்தாள். சொட்டு வரவில்லை. மடி கல்லாக இருந்தது. பெரியம்மா பாலை அடக்கிக்கொண்டு, வாலால் அவள் கன்னத்தில் ஒன்று வைத்தது.

"அம்மா, மாட்டுல பால் தீந்துபோச்சா?" என்றது ஒரு வாண்டு. கூட்டம் சிரித்தது. அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. மேலாளர் கையை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தார்.

இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எழுந்து நின்றாள்.

"சார், எனக்குக் கறக்கத் தெரியாது. மாட்டோட வளந்தேன்னு அன்னைக்குச் சொன்னது பொய். வேலை வேணும்னு சொல்லிட்டேன்."

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மேலாளர் வாயைத் திறப்பதற்குள், சத்தம் கேட்டு வந்த பால்காரக்கா வேலிக்குள் புகுந்தாள். ரொட்டியம்மாவின் அருகில் வந்து மூக்கை உறிஞ்சினாள்.

"அடிப்பாவி, ஏப்ரனத் துவைச்சியா?"

"ஆமாங்கா. ஜனங்க பாக்கறாங்களேன்னு..."

"ஏழு வருஷமா நான் அதுக்குத் தண்ணி காட்டுனதில்ல! பெரியம்மாவுக்கு மூஞ்சி தெரியாதுடி, வாசனைதான் தெரியும். நீ பூக்கடை மாதிரி வந்து நின்னா எப்படிப் பால எறக்குவா?"

சொல்லிக்கொண்டே ஒற்றைக் கையால் தன் தலைத்துணியை அவிழ்த்து ரொட்டியம்மாவின் கழுத்தில் சுற்றினாள். வியர்வை, சாணி, புளித்த பால் எல்லாம் சேர்ந்த நெடி. "உக்காரு. அவ விலாவுல தலைய முட்டுக்குடு."

பெரியம்மா முகர்ந்தது. நீளமாக மூச்சுவிட்டது. கைக்குள் காம்பு இளகுவது அவளுக்கே தெரிந்தது. கையுறைப் பாடம் நினைவுக்கு வந்தது. முதல் பீச்சு அவள் முழங்காலில். இரண்டாவது வாளியில் 'சர்'ரென்று விழுந்தது. பிள்ளைகள் கத்திய கத்தலில் பெரியம்மா காதை மட்டும் ஆட்டிக்கொண்டது.

கூட்டம் கலைந்த பிறகும் அவள் முக்காலியை விட்டு எழவில்லை. மேலாளர் வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நம்ம கொல்லர் முன்னாடி என்ன வேலை பாத்தார் தெரியுமா? பல் ஆஸ்பத்திரியில டோக்கன் குடுத்துட்டிருந்தார். 'இரும்புதான் சார் என் உசிரு'ன்னார்."

"நான் பஸ் கண்டக்டரா இருந்தேன்" என்றாள் பால்காரக்கா.

"அப்ப, எனக்கு வேலை..."

"அக்கா மணிக்கட்டு சேர ஆறு வாரம் ஆகுமாம். யாரு கறப்பா, நானா? எனக்கு மாடுன்னாலே பயம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்துடுங்க." சட்டென்று மூக்கைத் தூக்கினார். "அது சரி, ஏதோ தீயற வாடை..."

"ஐயோ, ரொட்டி!" என்று இரண்டு பேரும் ஓடினார்கள். பன்னிரண்டு ரொட்டியும் கரி. பால்காரக்கா தலையில் கை வைத்தாள். ரொட்டியம்மாவோ அடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

மறுநாள் துணி துவைக்க வாரிய புருஷன், பாலும் சாணியும் ஏறிக் கொக்கியில் தொங்கிய ஏப்ரனை இரண்டு விரலால் தூக்கினான்.

"நாறுது. இதையும் போட்டுடவா?"

"தொட்டீங்கன்னா பாருங்க!" என்று அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்து பிடுங்கிக்கொண்டாள்.