இரண்டெழுத்தில் நின்றுபோன பெட்டி

எனக்குப் போனில் பேசத் தெரியாது என்பது என் மனைவி இருந்தவரை எனக்கே தெரியாது. மகள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். நான்தான் முந்திக்கொண்டு எடுப்பேன். "நல்லா இருக்கியாம்மா, சாப்ட்டியா, இந்தா அம்மாட்ட குடுக்கேன்." அத்தோடு என் கடமை முடிந்தது. அப்புறம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இந்தப் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டே அவள் சங்கதி எல்லாவற்றையும் தெரிந்துகொள்வேன்.

மனைவி போனபிறகு போனை யாரிடம் கொடுப்பது? காரியத்துக்கு வந்த மகள் திரும்பிப் போய், முதல் ஞாயிறு கூப்பிட்டாள். நல்லா இருக்கியா என்றேன். சாப்ட்டியா என்றேன். அவளும் அதையே கேட்டாள். பிறகு லைனில் இரைச்சல் மட்டும் இருந்தது. சில ஞாயிறு இப்படியே கழிந்தது. ஒருநாள் மெதுவாக, "எப்பா, இங்க வேலை கூடிட்டு. இனிமே மாசம் ஒருக்கா கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

"சரிம்மா, படிப்பப் பாரு" என்றேன். வேறென்ன சொல்ல? என் போனில் வெளிநாட்டுக்குப் பேச ஐஎஸ்டி கிடையாது. அவள் கூப்பிட்டால்தான் உண்டு. தனியாக இருந்தால்தான் எனக்கு நிம்மதி என்று காலமெல்லாம் மனைவியிடம் பீற்றிக்கொண்டிருந்தவன் நான். அவள் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்த தைரியத்தில் பேசிய பேச்சு அது. இப்போது வீடு நிஜமாகவே நிம்மதியாக இருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்குப் போனை வைக்க மனசில்லாமல், மச்சில் கிடந்த கம்ப்யூட்டரைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நான் வேலை பார்த்த மில்லில் சம்பளக் கணக்குப் போட்ட பெட்டி அது. எந்த நாட்டுச் சரக்கோ, ஊரில் ஓடும் மற்ற கம்ப்யூட்டர்களின் ஜாடையே கிடையாது. மில்லில் கழித்துக்கட்டியபோது நான் கேட்டு வாங்கி வந்தேன். "இதுக்குப் பேசாம ஒரு ஆட்டுரலத் தூக்கிட்டு வந்திருக்கலாம்" என்றாள் மனைவி. கனமும் அப்படித்தான்.

மகள் குரல் சட்டென்று மாறியது. "எப்பா, அதுல லினக்ஸ் போடலாம்பா!"

லினக்ஸ் என்றால் என்ன என்று அவள் சொன்னதில் பாதிதான் எனக்கு விளங்கியது. உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து எழுதிச் சும்மா கொடுப்பது; விண்டோஸ் எட்டிக்கூடப் பார்க்காத பழைய பெட்டியிலும் ஓடும். மாசம் ஒருக்கா என்றவள் மறுநாளே கூப்பிட்டாள். "உள்ள என்ன கார்டு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

ஆள் வைத்துப் பெட்டியைக் கீழே இறக்கிப் போன் பக்கத்தில் வைத்தேன். மூடியைத் திறந்து ஒவ்வொரு கார்டாகக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு போனில் வாசித்தேன்.

"பெரிய சில்லு மேல என்னப்பா எழுதியிருக்கு?"

"தூசிதான் இருக்கு."

"தொடச்சிட்டுப் படிங்கப்பா!"

வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் லினக்ஸ் சிடி இருந்தது. என் பெட்டியில் சிடி போட வழியில்லை. எனவே அதை ஃப்ளாப்பி ஃப்ளாப்பியாகப் பிரதியெடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவேன். வீட்டுக்கு வந்து போட்டால் ஏதாவது ஒரு ஃப்ளாப்பி மட்டும் படிக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். மறுபடி பஸ். நல்ல ஃப்ளாப்பி அமைந்தாலோ, ஹார்ட் டிஸ்க்கே கண்ணில் படவில்லை என்று திரையில் எழுத்து வரும். அந்த டிஸ்க்கை ஓட்டும் கார்டு அபூர்வமான ரகமாம். அதற்கென்றே எவரோ ஒருவர் எழுதி வைத்திருந்ததை மகள் இன்டர்நெட்டில் தேடிப்பிடித்து, எந்த ஃப்ளாப்பியில் தொடங்க வேண்டும் என்று சொன்னாள். அது சரியானதும் கார்த்திகை மழையில் கரண்டு போனது. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். "இந்தச் சனியனத் தூக்கி ஆத்துல போடுதேன் பாரு" என்று போனிலேயே கத்துவேன். "போடுங்க, மீனாவது உபயோகிக்கும்" என்பாள். என்னிடம் அவள் அப்படிப் பேசி அதற்கு முன் கேட்டதில்லை.

ஒரு ஃப்ளாப்பி கடகடவென்று ஓடி முடிய நேரமாகும். அதுவரை இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் எல்லாம் வந்தது. கூட இருக்கும் பெண் இரவெல்லாம் பாட்டுப் போடுகிறாள். பனியில் வழுக்கி விழுந்து முட்டியில் அடி. ஒருநாள், "எப்பா, அம்மா ரசத்துல கொஞ்சம் வெல்லம் போடுவாளோ? எனக்கு அந்த ருசி வர மாட்டேங்கு" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், தெரியவில்லை. "முக்கூடல் சித்திட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. ஃப்ளாப்பி நின்றது. "அடுத்தத போடுங்கப்பா" என்றாள்.

ஒருவழியாக எல்லா ஃப்ளாப்பியும் ஏறி முடிந்து, பெட்டியை அணைத்துப் போட்டால் திரையின் மூலையில் எல், ஐ என்று இரண்டு எழுத்து வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. லினக்ஸை எழுப்பிவிடும் லிலோ என்ற சின்ன நிரல் தன் பெயரின் நாலு எழுத்தையும் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வருமாம். எங்கே நிற்கிறதோ அதை வைத்து நோயைக் கண்டுபிடிக்கலாம். "ரெண்டு எழுத்துல நின்னா, டிஸ்க்கோட அளவுல அதுக்கும் பெட்டிக்கும் கணக்கு ஒத்து வரலன்னு அர்த்தம்பா" என்றாள். அவள் சொன்ன வைத்தியம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம். வாரத்துக்கு இரண்டு தடவை போன் வந்தது. எல், ஐ. எல், ஐ.

அப்புறம் ஒரு ஞாயிறு, "லிலோவோட ஃபைல்ல லீனியர்னு ஒரு வார்த்தை சேத்துப் பாருங்க. இந்த வாரம் பரீட்சை, அடுத்த ஞாயிறுதான் கூப்பிடுவேன்" என்று வைத்துவிட்டாள். ஃப்ளாப்பி வழியாக உள்ளே போய், அந்த வார்த்தையைச் சேர்த்து, லிலோவை மறுபடி ஓட்டிவிட்டுப் பெட்டியை அணைத்துப் போட்டேன். நாலு எழுத்தும் வந்தது. பின்னாலேயே திரை முழுக்க வரி வரியாக ஓடி, கடைசியில் உள்ளே வருபவர் பெயரைக் கேட்டு நின்றது.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, லினக்ஸ் வந்துட்டு" என்றேன். கடைக்காரர் தராசைப் பார்த்தபடியே, "அப்படியா? மகளும் கூட வந்திருக்காளா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. அதற்கப்புறம் பயம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, லினக்ஸ் வந்துவிட்டதென்று சொல்வேன், அவள் கைதட்டுவாள், பிறகு? நல்லா இருக்கியா, சாப்ட்டியா. சனிக்கிழமை அந்த ஃபைலைத் திறந்தேன். அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு லிலோவை ஓட்டினால் பெட்டி பழையபடி இரண்டு எழுத்தில் நிற்கும். வார்த்தையின் மேல் கர்சரை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பரீட்சைக்கு நடுவில் எனக்காக யோசிக்கிற பிள்ளையை ஏமாற்றக் கை வரவில்லை. அப்படியே மூடிவிட்டேன்.

ஞாயிறு சொன்னேன். "எப்பா!" என்று கத்தினாள், சிரித்தாள், திரையில் வந்ததையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அதுவும் முடிந்தது. லைனில் இரைச்சல் மட்டும் இருந்தது. "சாப்ட்டியாம்மா" என்றேன். "ம்" என்றாள். வைக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எப்பா, அதுல சவுண்டு வருதா?"

அந்தப் பெட்டியில் சவுண்டு கார்டே கிடையாது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"வரலியேம்மா" என்றேன்.

"அப்ப மூடியக் கழத்துங்க" என்றாள். "நான் லைன்லயே இருக்கேன்."