செக்கர் சகாதேவனின் விமான சீட்டு

"இதுல சாம்பல் கலர்ல பெருக்கல் குறி போட்டிருக்குதே, அதெல்லாம் இன்னா?"

"அதெல்லாம் ஆள் இருக்கற சீட்டு, பெரியப்பா."

"யாரு பாத்தது?"

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது" என்றாள் வினோதினி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"காட்டும். பஸ்ஸு வந்து நிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னல் வழியா துண்டு போடறானுங்களே, அதுவும் ஆள் இருக்கற மாதிரிதான் காட்டும். உள்ள ஏறிப் பாத்தா துண்டுதான் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். சரி, இந்த மஞ்சக் கலரு?"

"அதுக்குக் காசு ஜாஸ்தி. கால் நீட்ட இடம் இருக்கும்."

"நீலம்?"

"அதுவும் கொஞ்சம் ஜாஸ்தி."

"அதுலயும் கால் நீட்டலாமா?"

"இல்ல. மத்த சீட்டு மாதிரிதான். கொஞ்சம் முன்னாடி இருக்கும்."

"முன்னாடி ஒக்காந்தா முன்னாடி போய்ச் சேந்துடுவாங்களா? அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா பேரு எழுதியிருக்குது? இருக்கறபடியே படி. அர்த்தம் நான் அப்புறம் கேட்டுக்கறேன்."

"ப்ரிஃபர்டு சீட்."

"இப்ப அர்த்தம் சொல்லு."

"விருப்பமான இருக்கை."

"யாரோட விருப்பம்?"

ஜெராக்ஸ் எடுக்கக் காத்திருந்த ஒருவர் சிரித்துவிட்டார். வினோதினி சிரிக்கவில்லை. பெரியப்பா சிரிப்பதற்காகக் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"முன்னாடி தனியா ஒரு கட்டம் தெரியுதே?"

"அது வேற வகுப்பு. சீட்டு அகலமா இருக்கும், நல்லாச் சாஞ்சுக்கலாம், காலைத் தூக்கி வெச்சுக்க ஒரு பலகை வரும். ஆனா ஒரு சீட்டுக்கு, இன்னொரு டிக்கெட் எடுக்கற அளவுக்கு ஆயிடும்."

அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "இதை நான் எடுத்தா உனக்கு எவ்ளோ வரும்?"

"எனக்கு வராது. கடைக்குக் கொஞ்சம் வரும்."

"அப்படிச் சொல்லு" என்று சகாதேவன் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இன்னிக்கு ஒண்ணும் போடாதே. நாளைக்கோ நாளன்னிக்கோ வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்."

இந்தப் பேச்சு வரிசை மாறாமல் வினோதினிக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் போகிற சாலையில் அவள் வேலை பார்க்கும் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், பட்டா நகல், ரயில் டிக்கெட், விமான டிக்கெட் எல்லாம் அங்கே கிடைக்கும். ஊரில் பாதிப் பேர் அங்கே வந்து ஏதாவது ஒரு தாளை நீட்டி, "இதுல இன்னா போட்டிருக்குது, படிச்சுச் சொல்லும்மா" என்பார்கள். சொன்னதை நம்பி எடுத்துக்கொண்டு போவார்கள். சொன்னதை நம்பாமல் திரும்பத் திரும்ப வந்தவர் ஒருவர்தான். அவர் அவளுடைய அப்பாவின் அண்ணன்.

சகாதேவன் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் செக்கராக இருந்தவர். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு வளைவில் புளியமர நிழலில் அசையாமல் நிற்பார். கம்பெனி வண்டி வந்ததும் கையை மட்டும் நீட்டுவார். கண்டக்டர்கள் அவருக்கு வைத்த பெயர் கொக்கு. "கொக்கு நிக்குதா?" என்று எதிரே வரும் வண்டியின் டிரைவரிடம் கேட்டுக்கொண்டு போவார்களாம்.

மற்ற செக்கர்கள் ஏறியதும் டிக்கெட்டைக் கேட்பார்கள். சகாதேவன் கேட்க மாட்டார். பக்கத்தில் போய் நின்று, சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி, "எங்க ஏறுனீங்க?" என்பார். மடியில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாள், "திண்டிவனத்துலங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் டிக்கெட்டுக்குக் கை நீட்டுவார். பாதி வழியில் இருக்கும் செஞ்சியிலிருந்து என்று கிழித்த டிக்கெட் வரும். மிச்சக் காசு கண்டக்டரின் எந்தப் பையில் இருக்கிறது என்று தேடுவதுதான் பாக்கி. "டிக்கெட்டைக் கேட்டா ஜாக்கிரதை ஆயிடுவாங்க. ஏறுன எடத்தைக் கேட்டா நெஜம் தானா வந்துடும்" என்பார். பௌர்ணமி கிரிவலத்துக்கு விடும் ஸ்பெஷல் வண்டிகளில், நிற்கவே இடமில்லாத கூட்டத்துக்குள் நுழைந்து இதையே கேட்டுக்கொண்டு போவார்.

வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் கொக்கு பறந்து போகவில்லை. வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்ப்பார். கறிக்கடையில் தராசின் அடியில் குனிந்து பார்ப்பார். மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, நல்ல நாள் பார்த்து வரச் சொன்ன வீட்டுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய் நின்றார். அந்த வீட்டார் அதிர்ந்து போனார்கள். ஆனால் அன்று சாப்பாடு நன்றாக இருந்ததாம். கல்யாணம் நடந்தது.

அந்த ரேவதிதான் இப்போது ஜெர்மனியில் இருந்தாள். பிரசவத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா அருணாதேவி போயே ஆகவேண்டும், துணைக்குப் பெரியப்பாவும். போவதில்தான் சிக்கல். போன வருடம் முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு, பெரியம்மாவின் இடது காலில் ரத்தம் உறைந்து, வேலூரில் படுக்க வைத்திருந்தார்கள். பறக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் காலை மடக்கித் தொங்கப் போட்டபடி அவ்வளவு நேரம் உட்காரக் கூடாது, நீட்டி வைக்க இடமுள்ள சீட்டாகப் பாருங்கள், நடுநடுவே எழுந்து நடக்கட்டும் என்றார்.

பெரியப்பாவுக்கு டாக்டர் மேலேயே சந்தேகம் வந்தது. "சீட்டைப் பத்தி அவருக்கு இன்னா அக்கறை?" என்றார். முதல் டாக்டருக்குத் தெரியாமல் விழுப்புரத்தில் இன்னொருவரிடம் பெரியம்மாவை அழைத்துப் போனார். அவரும் அதையே சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே காலேஜா இருக்கும்" என்று திரும்பி வந்தார்.

சொன்னபடியே சொல்லாமல் கடைக்கு வந்தார். இந்த முறை மஞ்சள் சீட்டைப் பற்றி.

"அந்தத் தனி வகுப்புக்கு இது கம்மிதானே? இதுலயும் காலை நீட்டலாம்னு சொன்னியே. இதைப் போட்டுடலாமா?"

"பெரியம்மாவுக்கு இதைக் குடுக்க மாட்டாங்க, பெரியப்பா. இது அவசரக் கதவு பக்கத்து சீட்டு. ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தக் கதவைத் தொறக்க உதவி பண்ணணும். கால் முடியாதவங்களை ஒக்கார விட மாட்டாங்க."

அவர் அவளையே பார்த்தார். "காசும் ஜாஸ்தி குடுத்துட்டு, கதவும் நாமதான் தொறக்கணுமா? படிக்கட்டுல நிக்கறவன்கிட்ட எக்ஸ்ட்ரா டிக்கெட் கேட்ட கண்டக்டரை நான் இதுவரைக்கும் பாக்கல."

"ரூல் அப்படி."

"கால் நல்லா இருக்கறவனுக்குக் கால் நீட்ட எடம். கால் முடியாதவளுக்கு இல்ல. நல்ல ரூல்தான். சரி, அந்தத் துண்டையெல்லாம் ஒரு தரம் காட்டு."

வினோதினி படத்தைத் திறந்தாள். சாம்பல் குறிகளில் நடு வரிசையில் சில காணாமல் போயிருந்தன. நேற்று முன்தினம் ஆள் இருந்த இடங்கள் இப்போது வெள்ளையாக இருந்தன. சகாதேவன் மேசையை ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியா! துண்டை எடுத்துட்டான்!"

"யாராச்சும் கேன்சல் பண்ணியிருப்பாங்க."

"வரிசையா மூணு பேரா? பக்கத்துப் பக்கத்துலயா?"

"குடும்பமா இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றார். அவர் குரலில் அந்தக் குடும்பம் அப்போதே இல்லாமல் போனது. விமானம் நிறைந்து கிடக்கிறது என்று காட்டிப் பயமுறுத்தினால், இருக்கிற இடத்தைக் கேட்ட விலைக்கு வாங்குவார்கள், அதுதான் சூட்சுமம் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வினோதினியால் அதை இல்லை என்று சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. இங்கிலீஷில் எழுதியிருந்ததைத்தான் அவளால் படிக்க முடிந்தது. எழுதாததை யார் படிப்பது?

போகும்போது அவர் ஒன்று கேட்டுக்கொண்டு போனார். சாதா சீட்டில் ஒரு சீட்டுக்கும் முன் சீட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று எழுதியிருக்கிறதா? இருந்தது. முப்பத்தொரு அங்குலம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா கொடுத்தனுப்பிய முருங்கைக்காயோடு வினோதினி பெரியப்பா வீட்டுக்குப் போனாள். கூடத்தில் பீரோவைச் சுவரை விட்டு இழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் எதிரே கை வைத்த நாற்காலி. நாற்காலியின் முதுகிலிருந்து பீரோ வரைக்கும் தையல்காரரின் அளவு நாடா தரையில் கிடந்தது. நாற்காலியில், பீரோவில் முட்டி இடிக்க, பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் முறம். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வா கண்ணு. ஜெர்மனிக்குப் போயிகினு இருக்கேன்" என்றாள். "உங்க பெரியப்பா காலையில போயிட்டு வந்துட்டாரு. இப்ப என் முறை."

"எனக்கு ஒண்ணும் பண்ணல" என்றார் பெரியப்பா, ஜன்னல் ஓரத்திலிருந்து. "ஆயுசு பூரா கம்பியைப் புடிச்சுத் தொங்கினவன்."

"எனக்கும் ஒண்ணும் பண்ணல. சும்மா காசைக் கரியாக்காதீங்க. சாதா சீட்டே போதும்."

"வலி இல்லியா, பெரியம்மா?" என்று வினோதினி கேட்டாள்.

"இல்லவே இல்ல. நல்லா சொகமா இருக்குது. இன்னும் அரை மூட்டை உரிக்கலாம்."

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மலை மேல் மேகம் கறுத்திருக்கிறது, மழை வந்தாலும் வரும் என்றார். அடி அண்ணாமலையில் நேற்று நல்ல மழையாம் என்றார். பெரியம்மா ஆமாம் என்றாள். ஓடு உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அவர் திரும்பாமலே, பக்கத்து வீட்டாரை விசாரிக்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டார்.

"எங்க ஏறுச்சு?"

"ஆடுசதையில" என்றாள் பெரியம்மா. "அங்கேருந்து முட்டிக்கு..."

சத்தம் நின்றது. ஒரு மல்லாட்டை அவள் விரலிடுக்கில் பாதி உடைந்தபடி இருந்தது. பெரியப்பா வந்து முறத்தை வாங்கிக் கீழே வைத்தார். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். பெரியம்மாவின் காலைத் தூக்கி முக்காலியின் மேல் வைத்தார். கணுக்கால் வீங்கி மினுமினுவென்று இருந்தது.

"செஞ்சி டிக்கெட்டை வெச்சிகினு திண்டிவனத்துலேர்ந்து வர்றே" என்றார்.

"கட்டின பொண்டாட்டிகிட்டயும் கொக்கு வேலையா?" என்று பெரியம்மா சீறினாள். பிறகு அழுகை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. "கேட்டுக்கோங்க. அந்த முன்னாடி சீட்டை எனக்குக் காசு குடுத்து எடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, மீனம்பாக்கத்துலேர்ந்தே திரும்பி வந்துடுவேன். ரேவதியை நான் போன்லயே பாத்துக்கறேன். ஒரு ராத்திரி ஒக்கார்றதுக்கு இன்னொரு டிக்கெட் காசா? அவ புள்ளைக்கு அதுல ஒரு வளையல் வாங்கலாம்."

அவள் சொன்னால் செய்கிறவள். வேலூர் ஆஸ்பத்திரியில் தனி அறை என்று தெரிந்ததும், ஊசி குத்திய கையோடு பொது வார்டுக்கு நடந்து போனவள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே பெரியப்பா வாசலில் நின்றார். அன்றைக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "முன்னாடி வகுப்புல ஒண்ணு, பின்னாடி ஒண்ணு" என்றார்.

"ரெண்டையுமே முன்னாடி போடலாமே, பெரியப்பா. பெரியம்மாவுக்குத் துணையா இருக்கும்."

"எனக்கு எதுக்கு? எனக்குப் போட்டா நான் ஏமாந்தேன்னு அர்த்தம். அவளுக்குப் போட்டா மருந்துச் செலவு. எனக்குக் காசு கேக்காம எதைக் குடுக்கறானோ அதைப் போடு. நடு சீட்டா? போடு. நடக்கணும்னு டாக்டர் சொன்னாரு இல்ல, நான் போய் எழுப்பி நடக்க விடுவேன்."

பணம் கட்டி முடிந்தது. தாள் வெளியே வந்ததும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெயர், தேதி, ஊர் எல்லாவற்றையும் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். திரையை எட்டிப் பார்த்து, "அந்தத் துண்டை மட்டும் நான் கடைசி வரைக்கும் ஒத்துக்க மாட்டேன்" என்றார். தாளை மடித்துக்கொண்டு வாசல்வரை போனவர், செருப்பில் கால் நுழைத்தபடியே நின்றார். திரும்பி வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டார்.

"வினோ, உங்க பெரியம்மா கட்டாயம் உன்கிட்ட வந்து கேப்பா. என்னை நம்ப மாட்டா. வயசான பொம்பளை, காலு முடியாதவன்னு பாத்து கம்பெனிக்காரனே முன்னாடி சீட்டு குடுத்துட்டான்னு சொல்லு. தனியாக் காசு இல்லன்னு சொல்லு."

வினோதினி அவரையே பார்த்தாள். பொய் சொல்பவர்களைத் தேடிப் புளியமரத்தடியில் காலத்தைக் கழித்தவர் கேட்கிறார்.

"நம்புவாங்களா?"

"நான் புடிச்சவன்ல பாதிப் பேரு கேட்ட கேள்வியில மாட்டல. கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லித்தான் மாட்டுனான். நீ கம்மியாப் பேசற பொண்ணு. அதுக்குத்தான் உன்கிட்ட சொல்றேன். கேட்டதுக்கு மட்டும் சொல்லிட்டு நிறுத்திக்கோ."

அவள் தலையாட்டினாள். அவருக்கு அது போதவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க, இப்ப என் மூஞ்சியைப் பாத்து ஒரு தரம் சொல்லு. நான் நம்பறேனான்னு பாப்போம்."