மியு பேசிய பத்து நிமிடம்: ஆரணியிலிருந்து படவேடு வரை

போன வருஷம் கோடையில் ஆறு வாரம் ஆரணியில் இருந்தேன். பட்டுப்புடவை எடுக்கப் போகவில்லை. இரண்டு ஜப்பானியக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போனேன். ஜூன் மாதம் சென்னையில் ஒரு பள்ளியில் அவர்களுக்கு நேர்காணல் இருந்தது; அதற்குள் ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச வைக்க வேண்டும். கல்லூரியில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் பிடித்துக்கொடுத்த வேலை. எனக்கு அதுதான் முதல் வேலையும்கூட.

நாகர்கோவிலில் ரயில் ஏறி செங்கல்பட்டில் இறங்கினேன். அங்கிருந்து காஞ்சிபுரம், பிறகு செய்யாறு வழியாக ஆரணி. காஞ்சிபுரத்திலிருந்து ஆரணி ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர்; சாதாரண பஸ்ஸில் இரண்டு மணி நேரம். வழியெல்லாம் ஏரி, பனை, நெல் காயும் களம். நான் வாயைத் திறந்ததும் கண்டக்டர், "மலையாளமாம்மா நீங்க?" என்று கேட்டார். தமிழ்தான், நாகர்கோவில் என்றேன். "அதான பாத்தேன், இழுத்து இழுத்து பேசிகினு கீறீங்க" என்று டிக்கெட்டைக் கிழித்தார். ஆக, அந்த ஊரில் அந்நியர் வரிசையில் நானும் ஒருத்தி.

குழந்தைகளின் அப்பா செய்யாறு பக்கம் ஒரு புதிய தொழிற்சாலையில் இயந்திரங்கள் நிறுவ வந்த பொறியாளர். ஆரணியில் நெசவாளர் தெரு ஒன்றில் வாடகைக்கு மாடி வீடு. அம்மா பெயர் யூகோ. மூத்தவள் மியு, பத்து வயது. இளையவள் ரின், ஏழு வயது. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) பொறியாளர் காலையில் காரில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். யூகோவுக்குத் தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில்தான் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம்.

முதல் வாரங்களை நினைத்தால் எல்லாம் தண்ணீருக்கடியில் நடந்தது போலவே இருக்கிறது. விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தால் கீழே தெருவின் நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒரு நாள் மாம்பழ நிறம், ஒரு நாள் கத்திரிப்பூ நிறம். ஆட்கள் இருபுறமும் நின்று ஒன்றும் பேசாமல் நூலை நீவிக்கொண்டே நகர்வார்கள். வெயில் ஏறியதும் அந்த நிறம் சுருண்டு ஏதோ ஒரு வீட்டுக்குள் போய்விடும். பிறகு பகல் முழுக்கத் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் மதியம் எனக்கே கண் சொக்கும்.

பாடமும் அப்படித்தான் மயங்கிக் கிடந்தது. "ஹவ் ஆர் யூ?" என்றால் இரண்டு பேரும் ஒரே குரலில், "ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்பார்கள். அவ்வளவுதான். மழை பெய்கிறதா, பசிக்கிறதா, எதற்கும் மியு புத்தகத்தில் இருக்கும் வரியைத் தேடித்தான் சொல்வாள். தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ரின் கதை வேறு. பாடம் முடிந்ததும் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள். அங்கே சாந்தி அக்காவும் அவர் கணவரும் தறி ஓட்டுவார்கள். அவர்கள் பெண்களோடு இவளுக்கு நாள் முழுக்க விளையாட்டு. இரண்டாவது வாரம் ஒரு நாள் படியேறி வந்தவள் என்னிடம், "டீச்சர், சாந்தியக்கா உன்ன கூப்ட்டுகினு கீது" என்றாள். சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. ஆங்கிலம் சொல்லித்தர என்னைக் கூட்டிவந்தார்கள். குழந்தை ஆரணித் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறது. யூகோவிடம் நான் அதைச் சொல்லவில்லை.

வீட்டைவிட்டு வெளியே எங்கே போனாலும் ரின்னின் கையைப் பிடித்துக்கொள்வது மியுவின் வேலை. யாரும் சொல்ல வேண்டியதில்லை. செருப்பு மாட்டியதும் அந்தக் கை தானாக நீளும். எவ்வளவு பொறுப்பு என்று நானே பல தடவை வியந்திருக்கிறேன்.

மூன்றாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை யூகோவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு படவேடு போனேன். ஆரணியிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊர் நெருங்க நெருங்க ஜவ்வாது மலை நீலமாக எழுந்து வந்தது. இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு, வாய்க்காலில் தண்ணீர். யூகோ ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தார். அவர் ஊரிலும் இப்படித்தான் மலை இருக்கும் என்று மட்டும் சொன்னார்.

ரேணுகாம்பாள் கோயிலில் நல்ல கூட்டம். வேப்பிலையும் கற்பூரமும் கலந்த வாசனை, மஞ்சள் சேலைகள், உடுக்கைச் சத்தம். தரிசனம் முடிந்து வெளியே வந்து நான் செருப்பைத் தேடி எடுத்துத் திரும்பினேன். மியு தனியாக நின்றாள். ரின் இல்லை.

யூகோ கத்தவில்லை. மகள் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொன்னார், பிறகு கூட்டத்துக்குள் நடக்கத் தொடங்கினார். நான் கடை கடையாக ஓடினேன். "சப்பான் பாப்பாவா? இப்பதான பாத்தோம்" என்றார்கள், எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை. மலை அதே நீலத்தில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மியுவின் கையை நான் பிடித்திருந்தேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். பஸ் நிற்கும் இடத்தருகே, பூக்கட்டும் ஒரு அம்மாவின் பக்கத்தில் ரின் சம்மணம் போட்டு உட்கார்ந்து நூலைப் பிடித்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"காணாம போயிட்டியா பாப்பான்னு கேட்டேங்க" என்றார் அந்தம்மா. "இல்ல, நான் இங்கதான் கீறேன், அம்மாதான் காணோம்னுது. எந்த ஊருன்னா ஆரணின்னுது. சரி, ஆரணி பஸ்ஸு இங்கதான வரணும், ஒக்காருன்னேன்."

யூகோவும் வந்து சேர்ந்தார். மண்டியிட்டு ரின்னை அணைத்துக்கொண்டார். பிறகு எழுந்து அந்தம்மாவுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். "ஐயோ, எதுக்கும்மா" என்று அவர் எழுந்து, யூகோவின் தலையில் ஒரு முழம் மல்லி வைத்துவிட்டார். காசு வாங்கவில்லை. "ரின் என்ன சொன்னாள்?" என்று யூகோ என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அம்மாதான் காணோம் என்ற இடத்தில் அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது.

திரும்பும் பஸ்ஸில் அம்மாவும் ரின்னும் முன் இருக்கையில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். மியு என் பக்கத்தில். சந்தவாசல் தாண்டியதும், ஜன்னலைப் பார்த்தபடியே, மிகச் சின்னக் குரலில் பேசினாள்.

"ரின் ஹேண்ட். ஐ ஓப்பன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் தன் கையை மடியில் வைத்து, விரல்களை மெதுவாக விரித்துக் காட்டினாள். கூட்டத்தில் நழுவவில்லை. இவளே விட்டிருக்கிறாள்.

"ஒய்?" என்றேன்.

"ஆல்வேஸ் மை ஹேண்ட். ஜப்பான், மை ஹேண்ட். இந்தியா, மை ஹேண்ட். டுடே டயர்ட். லிட்டில் டைம் ஓப்பன். தென், நோ ரின்."

அதன்பிறகு நிற்கவில்லை. ரின் பிறந்ததிலிருந்து எப்படி, பள்ளிக்கு எப்படி, விமானத்தில் எப்படி என்று உடைந்த உடைந்த சொற்களில் பத்து நிமிடம் பேசினாள். ஒரு வரிகூடப் புத்தகத்தில் இருந்தது இல்லை. கடைசியில் முன் இருக்கையைப் பார்த்துக்கொண்டு, "யூ நோ ஜாப்பனீஸ். ஸோ ஐ ஸே" என்றாள். எனக்கு அவள் மொழி தெரியாது. அதனால்தான் என்னிடம் சொல்ல முடிந்தது.

"டுமாரோ, மை ஹேண்ட்" என்றேன். நானும் அவளைப் போலவே பேசியிருந்தேன். அவள் தலையாட்டினாள்.

அன்று மாலை சமையலறையில் யூகோ கேட்டார், பஸ்ஸில் மியு ஏதோ பேசிக்கொண்டு வந்தாளே, ஆங்கிலமா என்று. பாதித் தூக்கத்தில் கேட்டிருக்கிறார்.

"ஆமாம். பத்து நிமிடம்."

"தப்பு நிறைய இருந்ததா?"

"ஒன்றுகூட இல்லை" என்றேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் மியுவே அம்மாவிடம் சொல்லிவிட்டாள், ஜப்பானிய மொழியில். யூகோ அவளைத் திட்டவில்லை. வெகுநேரம் அவள் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான், இருவரையும் கேட்டுக்கொண்டு, இதை இங்கே எழுதுகிறேன். நேர்காணலில் மியுவுக்கு இடம் கிடைத்தது. ரின்னை ஒரு வகுப்பு கீழே சேர்த்துக்கொண்டார்கள். அங்கே அவள் தமிழில் பதில் சொன்னாளாம்.

போக நினைப்பவர்களுக்கு: படவேட்டுக்கு வெள்ளி, ஞாயிறு தவிர்த்து மற்ற நாளில் போங்கள். பஸ் குறைவு, இறங்கியதுமே திரும்பும் பஸ் எப்போது என்று கேட்டுவையுங்கள். கோடையென்றால் பத்து மணிக்குள் தரிசனத்தை முடித்துவிடுங்கள், தரை சுடும். ஆரணியில் தெருவில் நூல் இழுப்பதைப் பார்க்க விடியலில் எழ வேண்டும். நூலைத் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள்.

வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறவர்கள், அவர்கள் மொழி தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு பிள்ளைகளோடு எங்கே போனாலும் சின்னதின் கையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். படவேட்டிலிருந்து திரும்பிய மறுநாள் கடைத்தெருவில் நான் அப்படித்தான் நடந்தேன். மியு எங்களுக்கு முன்னால் போனாள், இரண்டு கையையும் வீசிக்கொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல்.