விசில் கேட்டால் வெறுங்கையோடு வராதீர்கள்

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பருப்பில் கல் பொறுக்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. மறுநாள் திங்கள். திங்கள் என்றால் எங்கள் மணல்மேட்டின் பொதுச் சமையல்கூடத்தில் பருப்பும் சோறும்தான். வேறு எதைச் சமைத்தாலும் மேட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எட்டு கிலோ பருப்பில் இருபத்திரண்டு கல் இருந்தன. எண்ணியது நான். ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. எண்ணாமல் இருக்க வராது.

அம்மா எண்ணவில்லை. பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பச்சைக் கதவு வீட்டுக்காரி ரெண்டு நாளா துணி காயப்போடலை. கவனிச்சியா நெலி?"

"வாரத்துல ஒரு நாள் வரேன். எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"படியேறி வர்றப்ப எங்க பாத்துக்கிட்டு வர்றே?"

"படியைத்தான்."

"படி எங்கயும் ஓடிப்போகாதுடி. நிமிந்து பாரு."

அந்தப் புதன்கிழமை காலை அவள் மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்தது. வயது ஐம்பத்தெட்டு. வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தோம்.

பெயர் எர்மெலிந்தா சுல்கா. பிறந்தது அயகூச்சோ பக்கத்து மலையில். பத்தொன்பது வயதில் தலைநகர் லிமாவுக்கு வந்து, நகரத்தின் தெற்கே இந்த மணல்மேட்டில் நான்கு பாய்த்தட்டி நட்டு இடம் பிடித்தவர்களில் ஒருத்தி. இருபத்தாறு வருடம் எங்கள் சமையல்கூடத்தில் தினம் நூற்றுப்பத்துச் சாப்பாடு ஆக்கினாள். மேட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஆன்டெனா'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் வரும். எந்தப் பாத்திரம் எந்த வீட்டுடையது, யார் கொண்டுவருவது வழக்கம் என்று அவளுக்குத் தெரியும். பெண் கொண்டுவரும் பாத்திரத்தை இரண்டு நாள் தொடர்ந்து ஆண் கொண்டுவந்தால் கரண்டி நின்றுவிடும்.

"அவளுக்கு என்ன?"

"காய்ச்சல், எர்மெலிந்தா அக்கா."

"ஐயோ பாவம்" என்பாள். சாப்பாட்டைப் போட்டு, தட்டு ஒன்றால் மூடிக் கொடுத்துவிட்டு, பாத்திரத்தின் மூடியை எடுத்து மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வாள். மூன்று மணிக்கு மூடியைத் திருப்பிக் கொடுக்கப் படியேறுவாள். காய்ச்சல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருவாள்.

விசில் யோசனை வந்தது நான்கு வருடத்துக்கு முன்பு. மேட்டில் ஏறும் மூன்றாவது படிக்கட்டு ஓரத்து வீட்டில் ஒரு பெண்ணை அவள் புருஷன் ஒரு பிற்பகல் முழுக்க அடித்தான். அவள் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, அப்படியே தன் அக்கா ஊருக்குப் போய்விட்டாள். சுற்றியிருந்த வீடுகளில் எல்லோருக்கும் கேட்டிருந்தது. அம்மா அடுத்த ஞாயிறு மேட்டுக் கூட்டத்தில் எழுந்து, பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு விசில் இருக்க வேண்டும் என்றாள்.

தண்ணீர்க் குழுத் தலைவர் தோன் யூசெபியோ உடனே எழுந்தார். தண்ணீர் லாரி கீழ்ச்சாலைக்கு வந்ததும் விசில் ஊதுவது அவர் பொறுப்பு.

"விசில் என்னோடது. ஆளாளுக்கு ஊதுனா லாரி வந்தது எப்படித் தெரியும்?"

"உங்களுது ஒரே நீளம். எங்களுது மூணு குட்டை. எண்ணத் தெரியாதாண்ணே?"

பின்வரிசையில் ஒருவன் கத்தினான். "ரெஃபரி யாரு அக்கா? சிவப்பு அட்டை உண்டா?"

"உண்டு தம்பி. முதல் அட்டை உனக்குத்தான் எடுத்து வெச்சிருக்கேன்."

தீர்மானம் சிரிப்போடு நிறைவேறியது. அடிபடும் பெண்களின் புகாரை வாங்கும் பெண்கள் மையத்திலிருந்து இரண்டு பேர் வந்து வகுப்பு எடுத்தார்கள். பதினொரு பேர் வந்தார்கள். "அதுல ஒன்பது பேருக்கு அது தேவையே இல்லை" என்றாள் அம்மா. "தேவைப்படறவளோட புருஷன் வாசல்ல நின்னு வகுப்பு எப்ப முடியும்னு கேக்கறான்."

முதல் இரண்டு முறை விசில் ஒலித்தபோது யாரும் போகவில்லை. அம்மா மட்டும் போனாள். இரண்டு முறையும் கதவு திறக்கவில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஊரைத் திட்டியிருப்பார்கள். அம்மாவுக்குக் கோபத்தைவிட ஆவல் அதிகம். வீடு வீடாகப் போனாள். "கேட்டுச்சா? ஏன் வரலை? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்." பதில்களை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். நான் அதை அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தேன். முப்பத்துநான்கு வீடு. கேட்டது முப்பத்தொன்றில். சோறு அடுப்பில் இருந்தது: ஐந்து. வேறு யாராவது போயிருப்பார்கள்: எட்டு. புருஷன் பெண்டாட்டி விவகாரம்: நான்கு. மிச்சம் பதினான்கு பேர் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான். யூசெபியோ சொன்னது தெளிவாக இருந்தது.

"போயி என்ன சொல்றது தாயி? மதிய வணக்கம், ஏம்ப்பா அடிக்கிறேன்னா?"

"ஒலியில் குறையில்லை" என்றேன் அம்மாவிடம். "முப்பத்துநாலுல முப்பத்தொண்ணு. நல்ல அளவு."

"சத்தம் போய்ச் சேருது. காலுதான் வந்து சேரலை" என்றாள்.

மூன்றாவது முறை நான் அங்கே இருந்தேன். பிப்ரவரி, சனிக்கிழமை, மூன்று மணி, நல்ல வெயில். லாரி வந்து நான்கு நாளாகியிருந்தது. வாசல்களில் நீல டிரம்கள் காலியாக நின்றன. மேலிருந்து விசில் வந்தது. மூன்று குட்டை. யாரும் எண்ணவில்லை. எல்லாக் கதவும் திறந்தது. வாளி, குழாய்ச் சுருள், ஒருத்தி கையில் குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி. கீழ்ச்சாலைக்கு ஓடினார்கள். லாரி இல்லை. மறுபடி மேலே விசில்.

"மேலயா? லாரி எப்படிடா மேல போச்சு?"

"புது ரோடு போட்டுட்டானுங்களோ என்னமோ. ஓடு, ஓடு, முதல்ல போறவனுக்குத்தான்!"

நாற்பது பேர் படியேறி ஒரு வீட்டின் முன்னால் மூச்சிரைக்க நின்றார்கள். வில்மெரும் யோவானாவும் இருந்த வீடு. அவனுக்கு இருபத்துநான்கு வயது, அவளுக்கு இருபது. கல்யாணம் ஆகவில்லை; காதலித்து ஒரு வருடமாகச் சேர்ந்து இருந்தார்கள். காதலித்த காலத்தில் அவள் போனின் ரகசிய எண்ணை வாங்கிக்கொண்டான். சேர்ந்து குடியிருக்க வந்ததும் சந்தைக் கடை வேலையை விடச் சொன்னான். பிறகு சாப்பாட்டுப் பாத்திரத்தை அவனே கொண்டுவர ஆரம்பித்தான். இதெல்லாம் அம்மா சொல்லித் தெரியும்.

கதவைத் திறந்தான்.

"என்ன?"

"தண்ணி எங்க?" என்றாள் முன்னால் நின்ற பெலிசித்தா.

"எந்தத் தண்ணி?"

"விசில் இங்கதானே அடிச்சுது?"

"இங்க யாரும் அடிக்கலை."

"நாலு நாளா குளிக்கலை தம்பி. விளையாடாதே."

அம்மா கடைசியாக வந்து சேர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், வாளிகளைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகச் சொன்னாள். "வில்மெர், யோவானாவைக் கூப்பிடு. தண்ணி வரிசைச் சீட்டு அவகிட்டதான் இருக்கு."

அப்படி ஒரு சீட்டே கிடையாது. ஆனால் தண்ணீருக்காக நிற்கும் நாற்பது பேரிடம் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. யோவானா வெளியே வந்தாள். உதடு கிழிந்திருந்தது. மூடிய கைக்குள்ளிருந்து விசிலின் கயிறு தொங்கியது. பெலிசித்தா வாளியைக் கீழே வைத்தாள்.

"இந்த வாளிக்கு ஒரு பக்கம் பிடி, தாயி. எனக்குத் தோள்பட்டை வலி" என்றாள் அம்மா.

காலி வாளி ஒரு கிலோகூட இருக்காது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நூற்றுப்பன்னிரண்டு படி இறங்கினார்கள். மற்றவர்கள் வில்மெரின் முன்னால் நின்றபடியே இருந்தார்கள். அவன்தான் கதவைச் சாத்தினான்.

அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாடி! ஒருத்தன்கூட என்ன சொல்றதுன்னு யோசிக்கலை. கையில வாளி இருந்துச்சு, அவ்வளவுதான். நான் மூடியைத் தூக்கிக்கிட்டுப் போவேன்ல? எல்லாருக்கும் ஒரு மூடி வேணும்."

அப்படித்தான் அந்த வேலை ஆரம்பித்தது. விசில் கேட்டால் போய்க் கதவைத் தட்ட, முப்பத்துநான்கு வீட்டுக்கும் ஆளுக்கொரு சாக்கு. பெலிசித்தாவுக்குத் தீப்பெட்டி கேட்பது. பச்சைக் கதவு வீட்டுக்கு உப்பு. ஒரு கொத்தன் அளவுநாடாவோடு வந்து சுவரைப் பார்க்க வேண்டும் என்பான். யூசெபியோவுக்குக் காணாமல் போன நாய்.

"என்கிட்ட நாயே இல்லையே, எர்மெலிந்தா."

"அதனாலதான் காணோம்."

சமையல்கூடத்தில் வாரம் ஒரு நாள், சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதே பழக்கினாள். கதவைத் தட்டி எவ்வளவு நேரம் நிற்பது. திறந்தவனிடம் சண்டை போடக் கூடாது, அறிவுரை சொல்லக் கூடாது. விசில் ஊதியவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. ஆண்கள் நடித்துக் காட்டினார்கள். வரிசை சிரித்துச் சரிந்தது. வகுப்புக்கு வராத பெண்கள் எல்லாம் அந்த வரிசையில் இருந்தார்கள். மையத்து ஆட்கள் ஒட்டிய தாளுக்குப் பக்கத்தில் அம்மா தன் கையால் எழுதி ஒன்று ஒட்டினாள்: விசில் கேட்டால் வெறுங்கையோடு வராதீர்கள்.

யூசெபியோவை ஒருவன் சந்தையில் நிறுத்தி, "நாய் கிடைச்சுதா?" என்று கேட்டான். எதற்கு வம்பு என்று அவர் ஒரு மஞ்சள் குட்டியை வாங்கினார். அது ஒரே மாதத்தில் நிஜமாகவே காணாமல் போனது. வீடு வீடாகப் போய்க் கேட்டார். யாரும் நம்பவில்லை. எல்லோரும் விசில் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

மூன்றரை வருடத்தில் பத்தொன்பது விசில். யாருமே போகாதது ஒன்றுகூட இல்லை. குறைந்தது ஆறு பேர், அதிகம் இருபத்தேழு. இரண்டு முறை அந்தப் பெண்ணே எங்களைப் போகச் சொன்னாள். அதையும் அம்மா எழுதி வைத்திருக்கிறாள்.

யோவானா எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தாள். பதின்மூன்றாம் நாள் வில்மெரிடம் திரும்பிப் போனாள். எனக்கு ஆத்திரம் வந்தது.

"இதுக்கா நாப்பது பேர் படியேறி ஓடுனாங்க?"

"ஏன் போனான்னு எனக்கும் தெரியலை" என்றாள் அம்மா. "தெரிஞ்சுக்கணும்."

"திட்டு அவளை."

"திட்டுனா கதவைச் சாத்திக்குவா. அப்புறம் நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அப்பா உன்னை அடித்தாரா, அதனால்தான் இதெல்லாமா என்று அன்று கேட்டேன். அப்பா போய்ப் பதினைந்து வருடமாகிறது. "ஒரே ஒரு தடவை கை ஓங்குனாரு. நான் வாணலியை ஓங்குனேன். அதோட சரி" என்றாள். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஒரு வீட்டுல கத்துறது பதினேழு வீட்டுக்குக் கேக்குது, ஒருத்தரும் எந்திரிக்கலை. ஏன்னு புரியாம எனக்கு இருக்க முடியலை."

யோவானா அதற்குப் பிறகு நான்கு முறை வெளியே வந்தாள், நான்கு முறை திரும்பினாள். அம்மா ஒவ்வொரு முறையும் மூடியோடு போனாள். என்ன கேட்டாள், அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. பட்டப்பெயர் ஆன்டெனா. ஆனால் உள்ளே வந்தது வெளியே போகாது. போன ஜூனில் யோவானா தானாகவே சமையல்கூடத்துக்கு உருளைக்கிழங்கு உரிக்க வர ஆரம்பித்தாள். வில்மெர் பத்து மணிக்கு ஒரு முறை, பதினொரு மணிக்கு ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். கடைசி ஞாயிறு, கல் பொறுக்கி முடித்துக் கை கழுவும்போது அம்மா ஒன்று மட்டும் சொன்னாள். "யோவானா மையத்துல போய்ப் புகார் எழுதிக் குடுக்கறேங்கறா. நான் கூட வந்தா." எப்போது என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

வியாழக்கிழமை அம்மாவின் சவப்பெட்டி சமையல்கூடத்தில் இருந்தது. மேடு முழுக்க வந்தது. நாள் முழுக்க எல்லோருக்கும் காப்பி ஊற்றியது யோவானாதான். வில்மெரும் வந்தான். மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றினான். என் கையைப் பிடித்து, "நல்ல மனுஷி" என்றான். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து யோவானா போகும் பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை அம்மாவின் நோட்டை எடுத்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்தது இது:

'யோவானா. வியாழன் எட்டு மணி. அடையாள அட்டை நகல் ரெண்டு, எடுத்தாச்சு. ஏழு மணிக்குக் கிளம்பணும். வில்மெர் கேட்டா வெங்காயம் வாங்கப் போறோம். உள்ளே அவதான் பேசணும். நான் வாயைத் திறக்கக் கூடாது.'

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். நகல்கள் அந்தப் பக்கத்திலேயே மடித்து வைக்கப்பட்டிருந்தன.

சமையல்கூடத்துக்குப் போனேன். யோவானா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கத்தி எடுத்துக்கொண்டேன்.

"வியாழக்கிழமைதான் மையத்துக்குப் போறதா இருந்துச்சா?"

"ஆமா. அவங்க கூட வர்றேன்னு சொல்லியிருந்தாங்க."

தலை நிமிரவில்லை. ஒன்பது கிழங்கு உரித்தோம். அம்மாவாக இருந்தால் அடுத்து ஏதோ ஒன்று கேட்டிருப்பாள். எனக்கு அது என்னவென்று தெரியவில்லை.

பதினொரு மணிக்கு வில்மெர் வாசலில் வந்து நின்றான். யோவானா கை துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

நகல்கள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. மையம் திங்கள் முதல் வெள்ளி வரை திறந்திருக்கிறது. போனில் விசாரித்துக்கொண்டேன். காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள்.