ஆடிப் பதினெட்டுக்கு ஒன்பது வீடு

மூன்றாவது மாதத்தில் பன்னிரண்டு மெஷின். அதுதான் கணக்கு. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் பன்னிரண்டு வீட்டுச் சுவரில் ஏறி, வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ரசீது ஆபீசுக்கு வந்துவிட்டால் என் வேலை நிரந்தரம். பதினொன்று என்றால் நன்றி, வணக்கம், போய் வாருங்கள். திருப்பத்தூரில் அப்பா பி.எட். விண்ணப்பம் வாங்கிப் பூர்த்தியும் செய்து, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தார். டீச்சர் வேலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெங்களூருக்கு வந்த இரண்டே மாதத்தில் எந்தப் பஸ் எந்த முனையில் திரும்பும், எங்கே ஓடிப்போய் ஏறலாம் என்று கற்றுக்கொண்டவள் நான். அதற்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரயிலேறுவதை நினைத்தாலே பொறுக்கவில்லை.

ஆபீஸ் சிவாஜிநகரில், துணிக்கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடி. எட்டு மேஜை, எட்டு போன். ஜன்னலைத் திறந்தால் பஸ் கண்டக்டர்களின் குரல் நம் குரலைவிட நன்றாக விற்கும், அதனால் மூடியே வைத்திருப்போம். மேனேஜர் டெலிபோன் டைரக்டரியின் தையலைப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் பக்கம் கொடுத்திருந்தார். பக்கத்தைப் பார், நம்பரைச் சுற்று, பேசு. ஊதியம் என்று ஒன்று உண்டு, பஸ் பாஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும். மற்றதெல்லாம் கமிஷன்.

நான் கெமிஸ்ட்ரி படித்தவள். குளோரின், பாக்டீரியா, கடினத்தன்மை என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். "நியூஸ் வாசிக்கிறீங்களாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். எட்டு பேரில் ஒரு நாளைக்கு அதிக நம்பர் சுற்றுகிறவள் நான்தான். அதிகமாக "வேண்டாம்" வாங்குகிறவளும் நான்தான்.

அடுத்த மேஜையில் ஆஸ்டின் டவுன்காரன் ஒருவன். என் வயசுதான். அவன் வீட்டில் மூன்று தலைமுறையாக இந்த ஊர், தமிழில் ஆரம்பித்த வாக்கியத்தைக் கன்னடத்தில் முடிப்பான், நடுவில் யாராவது உருதுவில் கேட்டால் அதற்கும் பதில் சொல்வான். என்னை "கெமிஸ்ட்ரி" என்றுதான் கூப்பிடுவான். வரிசையாக ஐந்து பேர் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டால், ஆறாவதாக, பெண்குரலில் மணி சொல்லும் டெலிபோன் இலாகா நம்பரைச் சுற்றி, நாற்காலியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

"எதுக்குப்பா அது? கையில வாட்ச் இருக்கே."

"கெமிஸ்ட்ரி, இந்த ஊர்லயே என்னை வேணாம்னு சொல்லாத ஒரே பொம்பளை இவதான். நீயும் கேளு."

கேட்டேன். உண்மையிலேயே தெம்பாக இருந்தது. சுறுசுறுப்பாக இருப்பது எப்படி என்று மேனேஜர் வாராவாரம் நடத்தும் கூட்டத்தைவிட அது எனக்கு உதவியிருக்கிறது.

மூன்றாவது மாதம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. முதல் பத்து நாளில் நான்கு மெஷின். அதற்குப் பிறகு ஆடி பிறந்தது.

என் பக்கங்களில் நான் முதலில் சுற்றுவது தமிழ்ப் பெயர்களைத்தான். கன்னடத்தில் எனக்கு வணக்கமும் நன்றியும் மட்டும் சரளம். அந்த வீடுகளெல்லாம் ஒரே நாளில் ஒரே பதிலைச் சொல்ல ஆரம்பித்தன. "ஆடி போகட்டும்மா." "ஆடியில புதுசா எதுவும் வாங்கறதில்ல." "ஆவணி பொறந்ததும் நீயே கூப்பிடேன்." யாரும் கோபப்படவில்லை, யாரும் போனை டொக்கென்று வைக்கவில்லை. என் மேல் பிரியமாகவே மறுத்தார்கள். அப்படியே பன்னிரண்டு நாள். ஆனால் என் மூன்று மாதம் ஆகஸ்ட் முதல் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஆவணி என் தவணைக்குள் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் நல்லதாகப் பட்டது. இவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை, மெஷினையும் சொல்லவில்லை. மாதத்தைத்தான் வேண்டாம் என்கிறார்கள். அப்படி யோசித்த பிறகு காலையில் போனை எடுக்கக் கை கூசவில்லை. ஆடி என்று சொன்ன வீடுகளையெல்லாம் ஒரு நோட்டில் தனியாக எழுதினேன். ஐம்பதுக்கு மேல் சேர்ந்தது.

ஜீவனஹள்ளியில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு காலை, காபிக்காக நின்றுகொண்டே சமையலறையில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டினேன். ஆடி பதினெட்டு, புதன்கிழமை, ஆடிப்பெருக்கு. சித்தி சொன்னாள்: "அன்னிக்கு மட்டும் எதுவும் தடையில்லடி. நான் மிக்ஸி வாங்கினதே ஒரு பதினெட்டாம் பெருக்குலதான்."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்.

அன்று முழுக்க நோட்டில் இருந்த வீடுகளுக்கே போன். "அம்மா, ஆடின்னு சொன்னீங்க இல்ல? பதினெட்டாம் பெருக்கு வருதே. ஊர்ல இருந்தா காவேரிக்குப் போய்க் கும்பிடுவோம். இங்க காவேரி உங்க குழாய்லயே வருது. அன்னிக்கு மெஷின் மாட்டினா எவ்வளவு நல்லது!" பொய் ஒன்றுமில்லை. எதிர்முனையில் உள்ளே யாரிடமோ பேசும் சத்தம், பிறகு, "சரி, அன்னிக்குக் கொண்டுவரச் சொல்லு." இரண்டு நாளில் ஒன்பது வீடு. நான்கும் ஒன்பதும் பதிமூன்று! ஆஸ்டின் டவுன்காரனுக்கு என் காசில் மசாலா தோசை வாங்கிக்கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பட்டியலை பிட்டரிடம் கொடுத்தேன். சுவரில் துளை போட்டு மெஷினை மாட்டுகிறவர் அவர். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவரையும் சேர்த்து இரண்டே பிட்டர்கள். பாய் பட்டியலைப் படித்தார், திரும்பவும் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன மேடம் இது? ஒன்பது வீடும் காலையில ஒன்பதுலேர்ந்து பன்னெண்டுக்குள்ளேன்னு போட்டிருக்கு."

"ஆமா பாய். புதன்கிழமை ஏழரையிலேர்ந்து ஒன்பது எமகண்டம். பன்னெண்டுக்கு ராகுகாலம். நடுவுலதான் நல்ல நேரம்."

"ஒரு மெஷினுக்கு ஒரு மணி நேரம். ஒரு வீடு இங்க, ஒரு வீடு ஸ்ரீராம்புரம், ஒரு வீடு அல்சூர். நல்ல நேரம் எல்லாருக்கும் வெச்சீங்க, எனக்கு மட்டும் கெட்ட நேரமா?"

எட்டு மேஜையும் சிரித்தது. நல்ல நேரத்தை ஒன்பது பேருக்கு விற்றிருக்கிறேன். அது ஒன்றுதான் இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

மேனேஜர் கன்னடக்காரர், நிதானமான மனிதர். "கவலைப்படாதம்மா," என்றார். "பன்னெண்டுக்குள்ள வரும்னு சொல்லிவை. ரெண்டு மணிக்கு ஆள் போகட்டும். வாசல்ல வந்து நின்ன மெஷினை யாரும் திருப்பி அனுப்பமாட்டாங்க."

அனுப்பமாட்டார்கள்தான். ஆனால் அந்த நேரத்தை நம்பித்தானே "சரி" என்றார்கள்? இடத்துக்குத் திரும்பி வந்து, வேகமாகப் பேசுகிற பழக்கத்தை விட்டு, கொஞ்சம் யோசித்தேன். புது வீட்டுக்குப் போகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? நல்ல நேரத்தில் பாலைக் காய்ச்சிவிடுகிறார்கள். கட்டிலும் பீரோவும் லாரியில் சாயங்காலம் வந்தால் யார் கேட்கிறார்கள்?

ஒன்பது வீட்டுக்கும் மறுபடி போன். "அம்மா, என் தப்புதான். எல்லாருக்கும் ஒரே நேரம் குடுத்துட்டேன், மாட்டற ஆள் ரெண்டே பேர். மெஷின் பன்னெண்டுக்குள்ள உங்க வீட்டுக்குள்ள வந்துடும், நானே கொண்டுவரேன். மஞ்சள் குங்குமம் வெச்சு சாமிகிட்ட வெச்சிடுங்க. சுவத்துல மாட்டறது மத்தியானமோ மறுநாளோ ஆகும். சம்மதமா?" எட்டு வீடு சம்மதம். அல்சூர் அம்மா மட்டும், "தண்ணி ஊத்தாத மெஷினுக்குக் குங்குமம் வெச்சா என்னடி அர்த்தம்?" என்று கேட்டாள். அந்த வீடு போயிற்று. பெட்டியை மட்டும், மனசு மாறினாலும் மாறுவாள் என்று ஏற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை ஒன்பது பெட்டியோடு ஒரு ஆட்டோ. எனக்கு உட்கார இடமில்லை, டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். மூன்று மாதமாகக் காதில் மட்டும் கேட்ட குரல்களுக்கு முகம் கிடைத்தது. கறாராகப் பேசிய குரல் குட்டையான, சிரித்த அம்மாவாக இருந்தது. தடித்த ஆண்குரல் என்று நினைத்தது ஒரு மாமி. ஸ்ரீராம்புரம் வீடு பூட்டியிருந்தது, சொந்த ஊருக்குப் போய்விட்டார்களாம். ஆக ஏழு. நான்கும் ஏழும் பதினொன்று.

கடைசி வீடு ஆஸ்டின் டவுன். மணி பன்னிரண்டுக்குப் பதினைந்து நிமிஷம். அந்த வீட்டு அம்மா பெட்டிக்குப் பொட்டு வைக்கும்போது அடுத்த வீட்டம்மா ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள்.

"இது என்னடி பெருக்கன்னிக்குப் புதுசா?"

"தண்ணி மெஷின். இந்தப் பொண்ணு போன்ல சொல்லிச்சு."

"எங்க வீட்ல போன் இல்லன்னு எனக்கு மட்டும் சொல்லலியா?" என்று என்னைப் பார்த்தாள். "ஆட்டோல இன்னும் ரெண்டு இருக்கே, அது யாருக்கு?"

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஒரு பெட்டி அவள் வீட்டுச் சாமி படத்தின் முன்னால் இருந்தது. எட்டாவது வீடு. பன்னிரண்டாவது மெஷின். ஆட்டோவில் திரும்பி வரும்போது எனக்கு நானே சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை காலை மேனேஜர் கூப்பிட்டார். மேஜை மேல் என் பட்டியல், கடைசிப் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு வட்டம்.

"இது போன்ல வித்ததில்லையே. நேர்ல வித்தா அது வீடு வீடாப் போற டீமோட கணக்கு. காலையிலேயே வந்து கேட்டுட்டாங்க. ரூல் அந்த்ரே ரூல், கணம்மா." விதி என்றால் விதிதான் என்று கன்னடத்தில் முடித்தார்.

அவர் சொன்னது சரிதான். அவர்களும் கமிஷனில் வாழ்கிறவர்கள்.

"சார், இன்னும் மாட்டல. அவங்க ரசீதுல கையெழுத்துப் போடல. இப்போ நான் போன்ல வித்தா?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "போன்ல வித்தா உன்னது. ஆனா நானும் லைன்ல இருப்பேன். பழைய பேச்சை வெச்சு 'சரிதானேம்மா'ன்னு கேக்கக்கூடாது. முதல்லேர்ந்து விக்கணும்."

ஆஸ்டின் டவுனில் அவளுடைய பக்கத்து வீட்டு நம்பரைச் சுற்றி, அவளைக் கூப்பிடச் சொன்னேன். செருப்புச் சத்தம் வந்தது, மூச்சு வாங்கியது. கம்பெனி பெயர் சொல்லி, என் வேலை சொல்லி, "வீட்டுக்குத் தண்ணி மெஷின் வேணுமா அம்மா?" என்று கேட்டேன்.

"ஏம்மா, நேத்துதானே எடுத்தோம்? உனக்கு என்ன ஆச்சு?"

"நேத்து நேர்ல பேசினோம். அது என் கணக்குல வராதாம். போன்ல வித்தாதான் என்னுது. அதனால முதல்லேர்ந்து கேக்கறேன். வேணாம்னா நீங்க தாராளமா சொல்லலாம்."

"நல்லவேளை கேட்டே," என்றாள். "எங்க வீட்டுக்காரரு திருப்பிக் குடுத்துடுன்னு நேத்தே சொன்னாரு."

எனக்குக் குளோரினும் பாக்டீரியாவும் நாக்கு நுனி வரை வந்தன. ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அவர் வீட்டுக்காரர், அவள் வீடு.

அவளே தொடர்ந்தாள். "பொட்டு வெச்ச பொருளை எப்படித் திருப்பறது சொல்லு. அவருக்கென்ன, ரெண்டு அடுப்புல தண்ணி காய்ச்சி ஆத்தி நிரப்பறது நானு. கேஸ் யாரு சும்மா குடுக்கறா?" பிறகு, "ஆமா, கரண்ட் போச்சுன்னா இது வேலை செய்யுமா?"

மேனேஜர் ரிசீவரைக் காதில் வைத்தபடி என்னையே பார்த்தார்.

"செய்யாதும்மா. கரண்ட் இருக்கும்போது ரெண்டு குடம் பிடிச்சு மூடி வெச்சுக்கணும்."

"ரெண்டு குடம் போதுமா?"

"உங்க வீட்ல எத்தனை பேரு?"

"நாலு. மாமியார் வந்தா அஞ்சு."

"மாமியார் வந்தா மூணு குடம்."

அவள் சிரித்தாள். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மாவும் சிரிப்பது கேட்டது. "சரி, ஆளை அனுப்பு. எடுத்துக்கறேன். ஆனா மத்தியானம் மூணு மணிக்கு மேல. அதுக்குள்ள நான் அவருகிட்ட பேசிடறேன்."

மேனேஜர் ரிசீவரை வைத்துவிட்டு, பென்சில் வட்டத்தை ரப்பரால் அழித்தார். ஆஸ்டின் டவுன்காரன் எட்டிப் பார்த்தான். "என்ன கெமிஸ்ட்ரி, நடுவுல உன் சத்தமே காணோம்? லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன்."

நான் படியிறங்கினேன். கீழே பாய் ஸ்கூட்டரில் துளைபோடும் மெஷினைக் கட்டிக்கொண்டிருந்தார். விலாசம் எழுதிய சீட்டை நீட்டினேன்.

"இதுக்கும் நல்ல நேரம் இருக்கா மேடம்?"

"மூணு மணிக்கு மேல, பாய். வீட்டுக்காரர்கிட்ட பேசி முடிச்சதுக்கப்புறம்."