எங்கள் குலசாமியை எடுத்துக் கொடுத்தேன்

எனக்குக் கோபம் வந்தால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. கெட்ட வார்த்தை வந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு தடவை குலசாமி வந்துவிட்டது.

பஹ்ரைனில், மனாமாவில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆபீஸ் வேலை. அட்மிஷன், லீவு, விசா பேப்பர் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். கணக்கு டீச்சர் ஒருவர் அயர்லாந்துக்காரர். ஐம்பது வயது, வாய் என்னைவிட நீளம். இடைவேளையில் டீயோடு வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து யாரையாவது வைவார். அதிகமாக வாங்கிக்கட்டிக்கொண்டது அமெரிக்காக்காரர்கள்தான்.

"நானும் ஐரிஷ்தான்னு சொல்லிக்கிட்டு வர்றாங்க. பொறந்தது, வளர்ந்தது, பல் முளைச்சது எல்லாம் அமெரிக்காவுல. தாத்தாவுக்குத் தாத்தா கப்பல் ஏறினாராம். தலையிலேருந்து கால் வரைக்கும் பச்சை உடுப்பு. நாங்க யாரும் அப்படி உடுத்துறதில்லையேன்னு சொன்னா, நீங்க மறந்துட்டீங்கன்னு நமக்கே பாடம் எடுக்கிறாங்க!" அவர் பேசியது ஆங்கிலம். எரிச்சல் மட்டும் நம்ம ஊர் எரிச்சல்.

அவருடைய அப்பாவுக்கு ஊரில் மாட்டுப் பண்ணை. ஒருநாள் அமெரிக்காக்காரர் ஒருவர் வாசலில் வந்து, "எங்கள் முன்னோர் வீடு இங்கேதான் இருந்தது, காட்டுங்கள்" என்று நின்றாராம். கொட்டுகிற மழை, பால் கறக்கிற நேரம். அப்பா பொறுமையிழந்து, "அதோ, அதுதான்" என்று கையைக் காட்டிவிட்டார். அது கன்றுக்குட்டி கட்டுகிற கொட்டகை. வந்தவர் அந்தச் சுவரில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுது, ஒரு கல்லையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனாராம். நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

அடுத்த வருஷம் எனக்கும் அப்படி ஒருவர் வந்து வாய்த்தார். புது விளையாட்டு வாத்தியார், தென்னாப்பிரிக்காவில் டர்பன் ஊர்க்காரர். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிய வம்சம். ஆறடி உயரம், நெற்றி நிறைய விபூதி. "ஐ ஆம் டமில்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. "சாப்ட்டீங்களா?" என்றேன். திருதிருவென்று முழித்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் 'வணக்கம்' ஒன்றுதான். அதைக் கையெடுத்துக் கும்பிட்டு, வாசலில் நிற்கும் பாகிஸ்தான் பத்தான் காவலாளி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டாரா? ஒரு வியாழக்கிழமை, மறுநாள் குதைபியா கடைத்தெருவில் எந்தக் கடையில் பிரியாணி சாப்பிடலாம் என்று நான் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தேன். இவர் காதில் விழுந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை மட்டனா? நீங்கள் தமிழர் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். எனக்கு எப்படி இருக்கும்? கல்ஃபில் வெள்ளிக்கிழமை லீவு. லீவு நாளில் கறி தின்னாமல் ஞாயிற்றுக்கிழமை டூட்டியிலா தின்பது? அன்றைக்கே அவர் மேல் எனக்கு ஒரு கடுப்பு விழுந்துவிட்டது.

அவருக்கு ஒரே ஒரு கவலைதான். டர்பனில் இருக்கும் பேரனுக்கு இரண்டு வயது. மூத்த பிள்ளையின் முதல் முடியைக் குலசாமிக்குத்தான் இறக்க வேண்டும் என்று அவருடைய அப்பா சொல்லி வைத்திருந்தார். எது குலசாமி என்று மட்டும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது. கப்பல் பதிவில் இருந்தது ஒரு பெயரும் 'டின்னவேலி' என்று வெள்ளைக்காரன் எழுதிய மாவட்டப் பெயரும்தான். இது தெரிந்தால்தான் கத்தரி வைப்பது என்று குழந்தையைத் தோள்வரை முடியோடு வளர்த்துவந்தார்கள். பார்க்கிறவர்கள் எல்லாரும் பெண் பிள்ளை என்றே கொஞ்சினார்களாம். நான் திருநெல்வேலிக்காரன் என்று தெரிந்ததிலிருந்து தினமும் என் மேஜைக்கு வந்துவிடுவார். "எங்கள் சாமி எதுவாக இருக்கும், பிரதர்?"

அட்மிஷன் கடைசி நாள். மேஜையைச் சுற்றி நாற்பது பெற்றோர், கம்ப்யூட்டர் வேறு படுத்துவிட்டது. அந்த நேரத்தில் தலைகளுக்கு மேலே அவர் தலை தெரிந்தது. "பிரதர், ஏதாவது தகவல்..." எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "சுடலைமாடன்!" என்று கத்தினேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன். சொன்ன பொய் நிஜம்போல இருக்க வேண்டுமே என்று அண்ணன் போன் நம்பரையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துத் துரத்திவிட்டேன். எங்கள் சாமி, எங்கள் ஊர், என் கூடப் பிறந்த அண்ணன். இவராவது போவதாவது என்று நினைத்தேன்.

ஈத் விடுமுறையில் அண்ணன் கூப்பிட்டான். பின்னால் ஒரே மேளச் சத்தம்.

"ஏல, டர்பன்லருந்து பதினாலு பேரு வேன்ல வந்து எறங்கியிருக்காவ. ஒன் பேரைச் சொல்லுதாவ. யாருல இவங்க?"

"நம்ம ஆளுதான்ணே" என்றேன்.

"எந்த வகையில?"

"பழைய வகையில."

அண்ணன் அவனாகவே ஒரு வழி கண்டுபிடித்தான். "நம்ம பூட்டன் கூட ஒருத்தர் பொறந்து, சண்டை போட்டுட்டுக் கண்காணாமப் போனாராம்லா, அவரு வழியாத்தான் இருக்கும். வந்ததுல அந்த ஆறடி மனுசன் சாமி பீடத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு பாரு, எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிட்டு. ஒன் மதினி ரெண்டு மரக்கா அரிசி உலையில போட்டுருக்கா. நீ வைல போனை."

விடுமுறை முடிந்ததும் நேராக அயர்லாந்து டீச்சரிடம் ஓடினேன். நடந்ததைச் சொல்லி, "அந்தக் கொட்டகைக்காரர் என்ன ஆனார்? அவரிடம் உண்மையைச் சொன்னீர்களா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வருஷா வருஷம் வர்றார். பச்சைத் தொப்பியோடதான்" என்றார். "எனக்கு எரிச்சலாத்தான் இருக்கு. ஆனா அப்பா அந்தக் கொட்டகையில இப்ப கன்னுக்குட்டி கட்டுறதில்ல. அவர் வர்றதுக்கு முன்னாடி கூட்டிப் பெருக்கி வைக்கிறார். ஏம்ப்பான்னு கேட்டேன். ‘நாமதானே அவங்களைக் கப்பல் ஏத்தி அனுப்பினோம்’னு சொல்றார்."

மத்தியானம் வாத்தியார் வந்தார். கையில் விபூதிப் பொட்டலம், போனில் போட்டோ. தலையில் சந்தனம் பூசிய மொட்டைக் குழந்தை என் அண்ணன் இடுப்பில் உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சொல்லிவிட்டேன். "மன்னிச்சிடுங்க. உங்க சாமி எதுன்னு எனக்குத் தெரியாது. அது எங்க சாமி. கோவத்துல சொல்லிட்டேன்."

"நீங்கள் கத்தியபோதே தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா போனீங்க?" என்றேன்.

"உங்களுக்கு முன்னால் நாலு பேரிடம் கேட்டேன், பிரதர். எல்லாரும் பெரிய கோயில் பெயராகச் சொன்னார்கள். அங்கே போனால் கூட்டத்தோடு வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு வரலாம். நீங்கள் ஒருவர்தான் அண்ணன் போன் நம்பரோடு ஒரு சாமியைக் கொடுத்தீர்கள். போய் இறங்கினால் வாங்க என்று சொல்ல ஆள் இருக்கிற இடம் வேண்டும், அவ்வளவுதான்."

விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டேன்.

எழுந்தவர் தயங்கி நின்றார். "ஒன்று கேட்க வேண்டும். ஆடி மாதம் கோயில் கொடைக்கு உங்கள் அண்ணன் கூப்பிட்டிருக்கிறார், வேன் டிரைவர்தான் மொழிபெயர்த்தார். பீடத்துக்கு வெள்ளையடிப்பது உங்கள் முறையாமே? உங்களுக்கு லீவு கிடைக்காததால் ஒன்பது வருஷமாக அவரே அடிக்கிறாராம். நான் அடிக்கட்டுமா என்று கேட்டேன். உங்களிடம் அனுமதி வாங்கச் சொன்னார்." பிறகு ரொம்ப அப்பாவியாகச் சொன்னார்: "ஆனால் ஆடியில்தான் நம் பள்ளிக்கூடம் இரண்டு மாதம் மூடியிருக்குமே என்று சொன்னேன். உங்கள் அண்ணனுக்கு ஆச்சரியமாக இருந்தது."

ஒன்பது வருஷமும் அந்த விடுமுறையில் நான் சென்னையில் மாமனார் வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. "நானே அடிப்பேன். நீங்க வேணும்னா சுண்ணாம்பு வாளியைப் பிடிங்க" என்றேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, இந்த வருசம் கொடைக்கு நான் வாரேன்."

அண்ணன் அவசரப்படவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டான்.

"ஏம்ல, லீவு கெடச்சிட்டோ?"