படகில் ஆள் இல்லை

கடலில் தானாக ஓடி, தண்ணீரின் சூடு, உப்பு, கலங்கல் எல்லாவற்றையும் அளந்து அனுப்பும் படகு எங்களுடையது. கடலில் விடுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க, கல்வராயன் மலையடிவாரத்தில் கோமுகி அணைக்குக் கொண்டுபோயிருந்தேன்.

கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் படகு தன்பாட்டுக்கு வட்டமடித்தது. நான் புளியமரத்தடியில், காதில் பாட்டோடு, லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கலங்கல் கோடு எகிறியது, இறங்கியது, மறுபடி எகிறியது. கருவி என்னமாய் வேலை செய்கிறது என்று பூரித்துப்போய், அதைப் படமெடுத்து மேலாளருக்கு அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

படகுக்குப் பக்கத்தில் ஒரு தலை மேலே வந்தது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி உள்ளே போனது. கரையில் ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது. மலையூர்களுக்கு விற்கக் கொண்டுபோகும் புடவை மூட்டை அவிழ்ந்து சேற்றில் கிடந்தது.

கத்திக் கூப்பிட்டேன். தள்ளாடிக் கரையேறினார் புடவைக்கார பாய். கையெல்லாம் அடிச்சேறு.

"சார், படகு காலியா சுத்திக்கினு இருந்துச்சி. ஆளு வுழுந்துட்டான் போல. தேடிக்கினே இருக்கேன், ஆப்புடல. ஓடிப்போயி நாலு பேர இட்டுக்கினு வாங்க!"

"அதுல ஆளே கிடையாது பாய். தானா ஓடற படகு."

திட்டுவார் என்று நின்றேன். அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப யாரும் சாவலியே?"

"இல்ல பாய்."

அதற்குப் பிறகுதான் புடவைகளைத் திரும்பிப் பார்த்தார்.

இப்போது படகு வங்கக்கடலில் ஓடுகிறது. இரண்டு பக்கமும் 'இதில் ஆள் இல்லை' என்று பெரிதாக எழுதியிருக்கிறோம். லேப்டாப்பில் பதிவான அன்றைய கலங்கல் கோட்டை மட்டும் நான் அழிக்கவில்லை. அது எகிறும் ஒவ்வோர் இடத்திலும் அந்த மனிதர், இல்லாத ஒருவனுக்காக அடிச்சேற்றைத் துழாவியிருக்கிறார்.